ரோஜர் மார்ட்டிமருக்கு மனைவி பிள்ளைகள் இல்லையா?

கேட்கப்பட்ட கேள்வி: "இங்கிலாந்து மன்னன் இரண்டாம் எட்வர்டைக் கவிழ்த்து, அவன் மனைவி இசபெல்லாவோடு சேர்ந்து ஆட்சி செய்த ரோஜர் மார்ட்டிமருக்குக் குடும்பம் இருந்ததா? இருந்தால் அவர்கள் என்ன ஆனார்கள்?"

இருந்தது. ஒரு மனைவி, 12 பிள்ளைகள். 4 ஆண், 8 பெண்.

நீங்கள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிலெல்லாம் ராணி வருவாள், சிறை உடைப்பு வரும், தூக்குமேடை வரும். மனைவி வரமாட்டாள். கேட்கவாவது தோன்றியதே உங்களுக்கு, அதற்காகவே இந்தப் பதில். நான் வரலாறு படித்தவள் இல்லை, நர்ஸ். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டில் 4 வருஷம் வேலை பார்த்தேன். மார்ட்டிமரின் சொந்த ஊரான விக்மோர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விடுமுறை நாளில் போக வேறு இடம் இல்லாமல் கோட்டை கோட்டையாகச் சுற்றியதில் ஒட்டிக்கொண்ட விஷயங்கள் இவை.

அந்த மனைவியின் பெயர் ஜோன். ஜோன் டி ஜெனவில். 1301இல் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 14 வயது, பெண் ஒரு வயது மூத்தவள். அவளுக்கு இரண்டு தங்கைகள். சொத்து பிரியக்கூடாது என்று அவர்கள் இருவரையும் அக்கான்பரி மடத்தில் கன்னியாஸ்திரிகளாக்கிவிட்டார்கள். லட்லோ கோட்டையில் பாதியும் அயர்லாந்தில் மீத் பக்கத்து நிலங்களும் இவள் வழியாகத்தான் மார்ட்டிமர் கைக்கு வந்தன. அதாவது வசதி பெண் வீட்டுப் பக்கம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் "லட்லோ பிரபு மார்ட்டிமர்" என்கிறார்கள். லட்லோ அவர் மாமனார் வீடு!

வேல்ஸ் எல்லையில் இருந்த இந்தப் பிரபுக்கள் பாதி ராஜாக்கள் மாதிரி. மன்னனின் ஆணை அங்கே செல்லாது, வழக்கை அவர்களே விசாரிப்பார்கள், கோட்டை கட்டிக்கொள்வார்கள், பக்கத்துப் பிரபுவோடு சண்டையும் போட்டுக்கொள்வார்கள். மார்ட்டிமருக்கும் ஹியூ டெஸ்பென்சருக்கும் இருந்தது தாத்தா காலத்துப் பகை. 1265இல் ஈவ்ஷாம் போரில் மார்ட்டிமரின் தாத்தா டெஸ்பென்சரின் தாத்தாவைக் கொன்றவர். பேரன் டெஸ்பென்சர் மன்னனுக்குச் செல்லப்பிள்ளை ஆனதும் எல்லைப் பிரபுக்கள் கிளர்ந்தார்கள், தோற்றார்கள். 1322 ஜனவரியில் ஷ்ரூஸ்பரியில் மார்ட்டிமர் சரணடைந்தார். மரண தண்டனை, பிறகு அது ஆயுள் தண்டனையாகி லண்டன் டவரில் அடைப்பு.

சரி, இப்போது என் கதை.

2018 மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கண்டாங்கிச் சேலைக்கு மேல் என் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அதன்மேல் செருப்பு. ஹெரிஃபோர்டிலிருந்து அரை மணி நேரம் ரயில், லட்லோ. கோட்டையின் வெளிமுற்றம் பெரிய புல்வெளி. அதன் ஓரத்தில் கூரையில்லாத ஒரு சின்னக் கட்டடம், சுவர் முழுக்கப் பாசி. புனித பீட்டர் சிற்றாலயம். மார்ட்டிமர் டவரிலிருந்து தப்பித்தது 1323 ஆகஸ்ட் 1, பீட்டர் சங்கிலியிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் திருநாள். காவலர்கள் குடித்த மதுவில் மயக்க மருந்து, கயிற்று ஏணி, தேம்ஸில் படகு, அங்கிருந்து பிரான்ஸ். அந்த நன்றிக்குக் கட்டிய கோயில் இது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவன் ஓடிட்டான். வீட்ல இருந்தவ என்ன ஆனா?"

அவளை அதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். முதலில் தெற்கே ஒரு காவல், பிறகு 1324இல் யார்க்‌ஷயரின் ஸ்கிப்டன் கோட்டை. சலவைக்காரி உட்பட சில வேலையாட்களை மட்டும் கூட வைத்துக்கொள்ள அனுமதி. மகன்களில் சிலரும் காவலில். மகள்கள் மூன்று பேரை மூன்று மடங்களில் அடைத்தார்கள்: மார்கரெட் ஷோல்டமில், ஜோன் செம்ப்ரிங்கமில், இசபெல்லா சிக்சாண்ட்ஸில். சாப்பாட்டுச் செலவுக்கு மார்கரெட்டுக்கு வாரம் 15 பென்ஸ், மற்ற இருவருக்கும் 12 பென்ஸ்.

"அதென்ன மூத்தவளுக்கு மூணு காசு கூட?"

அவள் கல்யாணம் ஆனவள், தாமஸ் பெர்க்லி என்ற பிரபுவின் மனைவி, அதனால் இருக்கலாம் என்றேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. "நமக்குப் பாதிச் சம்பளமாவது குடுத்தான்" என்றாள்.

அது என்னவென்றால், நான் ஏழாவது படிக்கும்போது அப்பா சஸ்பெண்ட் ஆனார். ஓர் அரசுக் கிட்டங்கியில் எழுத்தர். இருப்பு குறைந்தது, பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான். 17(பி) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டு ஓலை, வந்தது. சாவி வைத்திருந்தவர் வேறு ஆள், அவர் பிறகு பதவி உயர்வும் வாங்கினார். எங்களுக்கு வந்தது பிழைப்பூதியம், பாதிச் சம்பளம். அம்மா என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் மாமா வீட்டுக்கு வந்தாள். மாமா ஒரு சொல் சொன்னதில்லை. அத்தை அரிசி அளக்கும்போது மட்டும் உழக்கை இரண்டு தடவை தட்டி மட்டம் பார்ப்பாள், முன்பெல்லாம் அப்படிச் செய்யமாட்டாள். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த இடம், "ஜாதகம் சரியா வரல" என்று சொல்லி அனுப்பியது.

அப்பாவை மார்ட்டிமரோடு ஒப்பிடுகிறாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்பா யாரையும் கவிழ்க்கவில்லை, எந்த ராணியோடும் போகவில்லை, மார்ட்டிமர் நல்லவரும் இல்லை. 1326 செப்டம்பரில் இசபெல்லாவோடு படை கொண்டுவந்தார், அடுத்த ஜனவரியில் மன்னன் பதவி இறக்கப்பட்டான், செப்டம்பரில் பெர்க்லி கோட்டைக் காவலில் செத்தான். அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரர் யார்? அதே 15 பென்ஸ் மார்கரெட்டின் கணவர்! 1328இல் தனக்கே 'மார்ச் பிரபு' என்று புதுப் பட்டம் வாங்கிக்கொண்டார். மார்ச் என்றால் இங்கே மாதம் இல்லை, எல்லைப்புறம். அதே வருஷம் ஹெரிஃபோர்டில் இரண்டு மகள்களுக்கு ஒன்றாகக் கல்யாணம் நடந்தது. இளவயது மன்னன் மூன்றாம் எட்வர்டும் வந்தான், அவன் தாய் இசபெல்லாவும் வந்தாள். பெண்ணின் தாயாக ஜோன் அவளை எப்படி வரவேற்றிருப்பாள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை: "வாங்கன்னு சொல்லிருப்பா. மக கல்யாணமாச்சே."

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே விஷயத்தை இரண்டு வருஷம் முன்பு இங்கே வேறொரு பதிலில் சுருக்கமாக எழுதியிருந்தேன். விரல் விட்டு எண்ணியதில் தவறிப்போய் 13 பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன், பிறகு திருத்தினேன். ஒருநாள் ஒரு வரலாற்று வீடியோவில் கம்பீரக் குரலில் ஒருவர் "பதின்மூன்று செல்வங்கள்" என்கிறார்! என் வரிகள், என் வரிசை, என் பிழை. பின்னணியில் இடி, மின்னல், வாள் சத்தம். பல ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே போய், "அது 12 சார்" என்று எழுதினேன். என்னை முடக்கிவிட்டார். இரவு டியூட்டி முடித்து வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். போகட்டும்.

1330 அக்டோபர் 19 இரவு, நாட்டிங்கம் கோட்டை. 18 வயதுகூட நிறையாத மன்னனின் ஆட்கள் சுரங்க வழியாக உள்ளே புகுந்து மார்ட்டிமரைப் பிடித்தார்கள். நவம்பர் 29, டைபர்னில் தூக்கு. நாடாளுமன்றத்தில் அவரை ஒரு வார்த்தை பேச விடவில்லை. செய்தது ஊரறிந்த குற்றம், விசாரிக்க என்ன இருக்கிறது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

மறுபடி ஜோன். கணவனின் உடலை விக்மோருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய அனுமதி வேண்டும் என்று மன்னனுக்கு மனுப் போட்டாள். வேறொருத்தியோடு ஊரறிய இருந்தவனின் உடலைக் கேட்டு! இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அவ கேக்கலைன்னா வேற யார் கேப்பா?" என்றுவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூத்த மகன் எட்மண்ட் அப்பா போன கொஞ்ச காலத்திலேயே போய்விட்டான், 3 வயதுக் குழந்தையை விட்டு. ஜோனுக்கு 1336இல் முழு மன்னிப்பு கிடைத்தது, நிலங்கள் திரும்ப வந்தன. மகள்கள் வார்விக், பெம்புரோக் போன்ற பெரிய இடங்களில் வாழ்ந்தார்கள். பிளான்ச் என்ற மகளின் கல்லறை ஹெரிஃபோர்ட் பக்கம் மச் மார்க்கிள் தேவாலயத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நான் மட்டும் தனியாகப் போனேன். கண் மூடிய கல் முகம், விரல்களுக்கு நடுவே ஜெபமாலை, பாவாடையின் மடிப்புகள் கல்லறை விளிம்பைத் தாண்டி வெளியே வழிகின்றன. போர்வை சரிந்த நோயாளிக்கு இழுத்துவிடுவோமே, அதுபோலக் கை தானாகப் போயிற்று.

எட்மண்ட் விட்டுப்போன அந்தப் பையன் ரோஜர்தான் வளர்ந்து மன்னனோடு போருக்குப் போய், பேர் வாங்கி, தாத்தாவின் தீர்ப்பை மீண்டும் எடுக்க வைத்தான். 1354இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை. மார்ச் பட்டம் பேரனுக்கு வந்தது. ஜோன் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1356இல், 70 வயதில் செத்தாள். அக்டோபர் 19ஆம் தேதி. நாட்டிங்கத்தில் மார்ட்டிமரைப் பிடித்த அதே தேதி. அந்தப் பேரனின் வழியில் வந்தவர்தான் நான்காம் எட்வர்ட். அவருடைய மகள் வயிற்றுப் பேரனான எட்டாம் ஹென்றியிலிருந்து அந்த நாட்டு அரியணையில் முறைப்படி உட்கார்ந்த எல்லோருடைய உடம்பிலும் இந்த ஜோனின் ரத்தம் இருக்கிறது.

அப்பாவின் வழக்கிலும் தீர்ப்பு இதே வார்த்தைதான்: உரிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை, ஆணை ரத்து. 9 வருஷம் ஆனது. அதற்குள் ஓய்வு வயதும் வந்துவிட்டது.

அன்று ராத்திரி அம்மா ஊருக்கு வாட்ஸ்அப்பில் பேசினாள். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாக: "இங்க ஒரு கேஸுங்க. நம்ம கேஸ் மாதிரியே. விசாரிக்காமத் தண்டிச்சது தப்புன்னு இருபத்து நாலு வருஷம் கழிச்சு ரத்து பண்ணிருக்கான்."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அரியர்ஸ் குடுத்தானா?"