மகள் நாய்களைப் பற்றிப் படிக்கிறாளே என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

"முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை நாய் வைத்தியத்துக்கா போக வேண்டும்?" என்று சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் கேட்டீர்கள். உங்கள் மகள் மேசைமேல் வைத்திருந்த குறிப்பேட்டை நீங்கள் திறக்கவில்லை. நான் படித்தேன். விலங்குக் காப்பகத்தில் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் கண்ட ஒரு நாய்க்குட்டிக்கு வலிப்பு எப்போது வந்தது, எத்தனை விநாடி நீடித்தது, பாதத்தின் அடித்தோல் என்று தடித்தது என எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள். கடைசியில் அது இறந்த நேரம், அதன் கீழே, "தடுப்பூசி போடப்படவில்லை." பதினோராம் வகுப்பில் இந்த நிதானம் எளிதில் வாய்ப்பதில்லை, அம்மா.

அந்த டிஸ்டம்பர் வைரஸ் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய இனம். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டுச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது பலிகொண்டது. சுற்றியிருந்த ஊர்நாய்களிடமிருந்துதான் அங்கே போனது என்று கருதப்படுகிறது. நம் குவாசுலு-நட்டாலில் வெறிநோயைப் பரப்புவதும் பெரும்பாலும் வீட்டு நாய்களே. ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் ஒன்றையொன்று நக்கி, உண்டதைக் கக்கி ஊட்டி, ஒட்டி வாழ்பவை. ஒன்றுக்கு நோய் வந்தால் கூட்டமே அழிந்துபோகலாம்.

"சிங்கத்தின் நடுவில் நிற்பாளோ" என்று பயந்தீர்களே, இந்தத் துறையின் பெரும்பகுதி வேலை ஊருக்குள்தான். கயிற்றில் கட்டி அழைத்துவரும் நாய்களுக்கு வரிசையாகத் தடுப்பூசி போடுவது. பத்தில் ஏழு நாய்களுக்காவது போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும். கடி ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். அதனால் அவளும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகப் புலம் ஒன்றே ஒன்று: பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒன்டர்ஸ்டெபோர்ட் வளாகத்தில் இருப்பது. ஆறு ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு கட்டாயச் சமூக சேவை. போட்டி கடுமை, கணிதத்தையும் இயற்பியல் அறிவியலையும் இப்போதே இறுகப் பிடிக்கட்டும். இடம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. கால்நடைச் செவிலியர் படிப்பு இருக்கிறது. நுண்ணுயிரியல் பட்டம் பெற்றும் வைரஸ் ஆய்வுக்குள் நுழையலாம். எனக்கு அவள் குறிப்பேட்டைப் பார்த்ததிலிருந்து, ஆய்வகமும் அவளுக்கு நன்றாகப் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

அவள் பிரிட்டோரியாவில் தனியாக இருப்பாளே என்ற உங்கள் கவலையை நான் தட்டிக்கழிக்கவில்லை. விடுதி, செலவு, உதவித்தொகை பற்றி அடுத்த சனிக்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் அந்த எட்டுப் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.