டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்' யார்?

அந்தப் பெண் வெர்மீர் வீட்டு வேலைக்காரப் பெண்ணா, அவருடைய மகளா என்று கேட்டிருக்கிறீர்கள். இது பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படமே அல்ல. இன்னார் என்று காட்டாமல், கற்பனை உடையில் ஒரு முகத்தை வரைந்து விற்கும் 'ட்ரோனி' என்ற வகை அன்றைய டச்சு நாட்டில் பிரபலம். சுமார் 1665இல் வரைந்த இதுவும் அந்த வகைதான்.

எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அந்த முத்து. உற்றுப் பாருங்கள்: வளையமும் இல்லை, கொக்கியும் இல்லை. மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். மீதியை நம் கண்ணே வரைந்துகொள்கிறது. எவ்வளவு துணிச்சல்!

அப்புறம், பின்னணி முதலில் வெறும் கறுப்பு அல்ல, பச்சைத் திரை. 2018இல் ஸ்கேன் செய்தபோது அதன் மடிப்புகள் தெரிந்தன. 1881இல் ஏலத்தில் வெறும் 2 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) போன இந்த ஓவியம் இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.