ஐசையா பிராட்லியும் டஸ்கீகியும்: கேள்வி பதில்

கேள்வி: கறுப்பினக் கேப்டன் அமெரிக்கா ஒருவர் உண்டாமே, யார் அண்ணா அவர்?

ஐசையா பிராட்லி. 2003-இல் ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த 7 இதழ் மார்வெல் காமிக்ஸ் தொடரில் வருகிறார். இரண்டாம் உலகப்போர் சமயம், கேப்டன் அமெரிக்கா என்ற சூப்பர் ஹீரோவை உருவாக்கிய சீரத்தை (ஊசி மருந்தை) கறுப்பினச் சிப்பாய்கள் மீது சோதிக்கிறது ராணுவம். பெரும்பாலோர் செத்துப்போகிறார்கள். தப்பிய ஐசையா கேப்டனின் உடையைப் போட்டுக்கொண்டு ஜெர்மனியில் சண்டை போடுகிறார். ஊர் திரும்பியதும் அவருக்குச் சிறை.

கேள்வி: டஸ்கீகியில் அரசே ஊசி வழியாக நோயை ஏற்றியதுதானே இதற்கு மூலம்?

மூலம் டஸ்கீகிதான். ஆனால் அங்கே யாருக்கும் நோயை ஏற்றவில்லை, இதைக் கவனமாகச் சொல்லுங்கள். 1932 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில் ஆய்வுக்காகக் கவனித்துவந்த சுமார் 600 கறுப்பின ஆண்களில் 399 பேருக்கு ஏற்கெனவே சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. அவர்களிடம் ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்ததை இலவச சிகிச்சை என்றார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. எனக்குக் கோபம் பொங்குவது இங்கேதான்: போருக்கு ஆள் எடுத்தபோது இவர்களில் பலருக்கும் அழைப்பு வந்தது. ராணுவத்தில் சேர்ந்திருந்தால் சிகிச்சை கிடைத்திருக்கும். ஆய்வு கெட்டுவிடும் என்று துறையே தலையிட்டு அதைத் தடுத்தது. 1972-இல் பத்திரிகையில் வெளியாகும்வரை இது நடந்தது.

கேள்வி: அப்படியானால் ஊசி போடும் காமிக்ஸ் வதந்திக்குத் தீனி போடுகிறதே?

நியாயமான வாதம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததை வரைவது கடினம், சீரம் ஏறி உடம்பு வீங்குவதை ஒரே கட்டத்தில் காட்டிவிடலாம். சம்மதம் கேட்காததையும் குடும்பங்களிடம் மறைத்ததையும் மொராலஸ் சரியாகப் பிடித்திருக்கிறார்.

கேள்வி (அவரே): ஏற்றினால் என்ன, மருந்து தராவிட்டால் என்ன? செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதானே?

செத்தவருக்கு ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை. ஊசியோடு நிற்கும் கொடியவனையே தேடினால், ரத்தம் எடுத்து, கோப்பில் எழுதி, மருந்தை மட்டும் தராமல் வீட்டுக்குப் போன சாதாரண ஊழியர்கள் தப்பிவிடுவார்கள். டஸ்கீகியை நடத்தியவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: நோயை ஏற்றியதாகப் படித்தேனே ஐயா?

அது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா, 1946-48. அதே துறையின் மருத்துவர்கள் கைதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் மனநோயாளிகளுக்கும் வேண்டுமென்றே பால்வினை நோய்களைத் தொற்றவைத்தார்கள். 2010-இல் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கேள்வி: டஸ்கீகியில் ஊசி...

இல்லை. மேலே படியுங்கள்.

கேள்வி: யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

ஒருவர்கூட இல்லை. வழக்குப் போட்டு 1974-இல் 1 கோடி டாலர் இழப்பீடு வாங்கினார்கள். அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல். அப்போது உயிரோடிருந்தவர்கள் 8 பேர்.