புதுநன்மையும் கோதுமை அலர்ஜியும்

வணக்கம். நாங்கள் தூத்துக்குடி. என் மகனுக்கு எட்டு வயது, கோதுமை அலர்ஜி. சின்ன வயதில் ஒரு துண்டு பிஸ்கட்டுக்கே முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த வருடம் புதுநன்மை, அதாவது பூசையில் ஆண்டவருடைய உடலாக மாறிய கோதுமை அப்பத்தை முதன்முதலாக வாங்குவது. "ஆண்டவருடைய உடல் பிள்ளைக்கு என்ன கெடுதல் செய்துவிடும்? உனக்குத்தான் விசுவாசம் இல்லை" என்கிறார் மாமியார். மறைக்கல்வி வகுப்பில் "கொஞ்சூண்டுதானே" என்கிறார்கள். அரிசியில் அப்பம் செய்து தருகிறேன் என்றேன், அதுவும் கூடாதாம். நான் என்ன செய்ய?
– ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

விசுவாசக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்த விஷயத்தில் மாமியாரைவிட நீங்கள்தான் திருச்சபையின் போதனைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

எழுந்தேற்றத்தில், அதாவது பூசையில் குருவானவர் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் வசீகரிக்கும் (அர்ச்சிக்கும்) போது, அப்பத்தின் உட்பொருள் மாறுகிறது என்றுதான் கத்தோலிக்கம் சொல்கிறது. நிறம், மணம், ருசி, உடம்புக்குள் போய் அது செய்யும் வேலை எல்லாம் பழையபடியே இருக்கும். 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை அலசியிருக்கிறார். வசீகரித்த பிறகும் அப்பம் பசியாற்றும், இரசம் போதை தரும் என்பது அவர் முடிவு. அதோடு விடவில்லை. கிண்ணத்தில் விஷம் கலந்திருப்பது வசீகரித்த பிறகு தெரியவந்தால்? குருவானவர் தானும் பருகக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது, தகுந்த பாத்திரத்தில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினார். ஆண்டவருடைய இரத்தம் என்று முழுதாக நம்பியவர், அந்த நம்பிக்கை விஷத்தை முறிக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்குக் கோதுமை விஷம். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், பங்குத்தந்தையை விட்டு இதைச் சொல்லச் சொல்லுங்கள். சாமியார் சொன்னால் எடுபடும்.

அரிசி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. திருச்சபைச் சட்டம் 924ன்படி அப்பம் கோதுமையில் மட்டுமே செய்யப்பட வேண்டும். 2004ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு சிறுமிக்கு அரிசி அப்பத்தில் கொடுத்த புதுநன்மையைச் செல்லாது என்றே அறிவித்தார்கள். மூன்று வேளையும் சோறு உண்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் மகனின் புதுநன்மையை வைத்து நடத்த வேண்டிய சண்டை இல்லை அது.

குளூட்டன் (கோதுமையில் உள்ள ஒரு புரதம்) குறைந்த அப்பம் என்று ஒன்று உண்டு. கர்தினால் ராட்சிங்கர் (பிறகு பதினாறாம் பெனடிக்ட் ஆனவர்) 2003ல் ஆயர்களுக்கு அனுப்பிய கடிதம் அதை ஏற்கிறது, குளூட்டன் அறவே இல்லாததை ஏற்கவில்லை. யாராவது அதை வாங்கித் தருகிறேன் என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அது பெரும்பாலும் சீலியாக் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) நோயாளிகளை மனதில் வைத்துச் செய்யப்படுவது. சீலியாக் வேறு, உங்கள் மகனுக்கு இருப்பது வேறு. மூச்சு இழுக்கிற அளவுக்கு அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் துளிக் கோதுமைப் புரதமும் ஆபத்தாகலாம். அலர்ஜி மருத்துவர் சரி என்று சொல்லாமல் வேண்டாம்.

உங்களுக்கான வழி சட்டம் 925ல் இருக்கிறது. தேவை ஏற்பட்டால் இரசத்தை மட்டும் கொடுக்கலாம். இரண்டில் எதை வாங்கினாலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது பழைய போதனை, ஆகவே பாதி நன்மை என்று யாரும் முணுமுணுக்க முடியாது. சாமியாரிடம் கேட்க வேண்டியது தனிக் கிண்ணம். பெரிய கிண்ணத்தில் அவர் அப்பத்தின் ஒரு துணுக்கைப் போடுவார், அதிலிருந்து கொடுத்தால் எல்லாம் வீண். மகனுக்கான சிறு கிண்ணம் அப்பத் தட்டிலிருந்து தள்ளி, மூடியபடி பீடத்தில் இருக்கட்டும். அப்பம் தொட்ட விரல் அதில் படக் கூடாது. உதடு நனைகிற அளவு இரசம் போதும். வரிசையில் கடைசியாக நிறுத்தாமல் முதல் ஆளாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அவசர மருந்து உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

விருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் ஊர் மக்ரூனில் முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரிதான், மைதா கிடையாது. முந்திரி அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் வீட்டிலேயே செய்யுங்கள். கடையில் அதே தட்டில்தான் கேக்கும் பன்னும் வேகும்.

எனக்குப் பெரிய கவலை புதுநன்மை நாளைப் பற்றியது இல்லை. அன்று எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒத்திகை என்று வசீகரிக்காத அப்பத்தைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பழக்குவார்கள். கன்னியர் மடத்தில் அப்பம் வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டுகளையும் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுப்பதுண்டு, அவர்களும் அதற்குப் பறப்பார்கள். அது நற்கருணை இல்லை என்பதால் யாருக்கும் உங்கள் மகனின் ஞாபகம் வராது. ஒத்திகை எந்த நாள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.