34 வயதில் பிறவிப் பித்தக்குழாய் வீக்கமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 34 வயது அக்காவின் ஸ்கானில் பித்தக்குழாய் பிறவியிலேயே வீங்கியிருக்கிறதாம், இப்போது வலி இல்லை, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. பித்தக்குழாயும் சதையியின் (கணையத்தின்) குழாயும் சிறுகுடலின் தொடக்கச் சுவருக்குள், ஒரு தசை வளையத்தின் கட்டுப்பாட்டில் சேர வேண்டும். இந்த நோயாளிகள் பலரில் அவை சுவருக்கு வெளியிலேயே சேர்ந்துவிடுகின்றன. தடுக்க அங்கே தசை இல்லாததால் சதையிநீர் பித்தக்குழாய்க்குள் ஏறி, ஆண்டுக்கணக்கில் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. குழாய் வீங்குவதற்கும் இதுவே காரணம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். பெண்களிலேயே அதிகம். வந்துபோகும் வலிதானே, காஸ்ட்ரைட்டிஸ் என்று மாத்திரை போட்டே காலம் போய்விடும்.

உண்மையான பயம் புற்றுநோய், வயதோடு கூடும். அதனால் இந்த வீக்கத்தின் வழக்கமான வகையில், வீங்கிய குழாயையும் பித்தப்பையையும் அகற்றி, ஈரலிலிருந்து வரும் குழாயைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சரி, அப்புறம் கிளினிக்கை மறந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது.

எல்லாப் பிறவி வேறுபாடும் இப்படிப் பயமுறுத்துவதில்லை. சதையியின் இரு குழாய்கள் ஒன்றுசேராமல் இருப்பது நூற்றில் 5 முதல் 10 பேருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியவே வராது.

யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயையும் சதையிக்குழாயையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கான்) எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு கண் மஞ்சளானால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும்.