எரிவாயுவைச் சுத்தம் செய்யும் மணிகள்: கேள்வி பதில்

கிழக்குக்கரையில் ஓர் எரிவாயு ஆலையில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பட்டர்வொர்த்தில் ஓய்வாக இருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செராஸ் மாணவி: உறிஞ்சுதலும் பரப்புக் கவர்தலும் ஒன்றா சார்?

இல்லம்மா. பிஸ்கட்டை டீயில் முக்கினால் டீ உள்ளே ஊறும், அது உறிஞ்சுதல். பரப்புக் கவர்தலில் வாயு துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சூடேற்றினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ விட்டுவிடும். அமீன் என்ற வேதிக் கரைசல் கார்பன் டை ஆக்சைடை எடுப்பது முதல் வகை, ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணி ஈரத்தைப் பிடிப்பது இரண்டாவது.

பிறை வாசகர்: வீட்டு கேஸ் தோம்பு நாற்றத்தையும் இப்படி எடுக்கலாமா?

வேண்டாம் சாமி. அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் வால்வை மூடுங்கள், சன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.

நிபோங் திபால் செம்பனை ஆலை ஊழியர்: கழிவுநீர்க் குளத்து பயோகேஸை லாரிக்குப் போட பி.எஸ்.ஏ. (அழுத்தத்தை ஏற்றி இறக்கி வாயுவைப் பிரிக்கும் முறை) மட்டும் போதுமா அண்ணே?

போதாது தம்பி. உங்கள் வாயுவில் மீத்தேன் 60 சதவீதம் இருந்தால் மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதோடு ஹைட்ரஜன் சல்பைடு ஆயிரம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டிக் கிடக்கும். முதலில் சல்பைடை எடுங்கள், அப்புறம் ஈரத்தை, அதற்கப்புறம்தான் பி.எஸ்.ஏ. அழுத்தம் ஏறும்போது கார்பன் டை ஆக்சைடு ஒட்டும், இறக்கினால் கழன்று போகும், மணி நிரப்பிய ஒரு கோபுரம் பிடிக்கும்போது இன்னொன்று விடும். விடும்போது கொஞ்சம் மீத்தேனும் கூடவே போகும், கணக்குப் போடும்போது அதை மறக்காதீர்கள். இன்னொன்று, மூக்கை நம்பாதீர்கள். 100 பி.பி.எம். பக்கம் போனால் சல்பைடு மூக்கையே மரத்துப்போக வைக்கும், அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தவர்தான் விழுவார்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: 4ஏ என்ற ஜியோலைட் சல்லடைதானே? துளையின் அளவுதான் எல்லாம். கவர்ச்சி எங்கே வந்தது?

வாங்க. மீத்தேன் மூலக்கூறின் அகலம் 3.8 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்), துளை ஏறத்தாழ 4. அளவு மட்டும் என்றால் மீத்தேனே உள்ளே போய் இடத்தை அடைத்துக்கொள்ளாதா? தண்ணீரை ஜெயிக்க வைப்பது உள்ளே இருக்கும் சோடியம் அயனி இழுப்பது. எவர்சில்வர் டம்ளரில் ஒரு பிடி காய்ந்த மணியைப் போட்டு நாலு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், டம்ளர் கையைச் சுடும். மாவு சலித்தால் சல்லடை சுடுமா?

அதே பொறியாளர்: அப்படியானால் 3ஏ?

சரி, அங்கே உங்கள் பக்கம் நியாயம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் வந்து வாசலைக் குறுக்கிவிடும், தண்ணீர் நுழையும், எத்திலீன் வெளியே நிற்கும். நைட்ரஜனையும் மீத்தேனையும் பிரிக்கவும் அளவுதான் வழி, ஆனால் 3.64-க்கும் 3.8-க்கும் இடையில் வாசல் வைக்க வேண்டும். அதற்குச் சூடாக்கினால் துளை சுருங்கும் டைட்டானியம் சிலிக்கேட் ஒன்று இருக்கிறது. அதை வைத்து 4ஏ-யிலும் கவர்ச்சி இல்லை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜோர்ஜ்டவுன் வாசகி: எரிவாயுவில் பாதரசம் துளிதானே இருக்கும், அதை ஏன் எடுக்க வேண்டும்?

அலுமினிய வெப்பப் பரிமாற்றியை அரித்துவிடும். அல்ஜீரியாவின் ஸ்கிக்டா எரிவாயு ஆலையில் 1973-ல் அது உடைந்தது அப்படித்தான். கந்தகம் ஏற்றிய கரித்தூள் படுக்கை பிடித்துக்கொள்ளும்.

இன்னொருவர்: தோம்பு நாற்றம் போக...

மேலே படியுங்கள்.

கூலிம் ஒப்பந்தக்காரர்: பழைய மணியை மாற்ற ஆளை உள்ளே இறக்கலாமா?

கோபுரத்தில் நைட்ரஜன் நிரப்பியிருந்தால் இரண்டு மூச்சில் ஆள் போய்விடுவார், அதற்கு வாடையே கிடையாது. காற்றோட்டம் விட்டு, ஆக்சிஜன் மீட்டர் 20.9 காட்டி, வாசலில் ஓர் ஆள் நின்ற பிறகு இறக்குங்கள்.