மகள் சாதியும் அரசியலும் எழுதும் செய்தியாளர் ஆக வேண்டும் என்கிறாளா?

உங்கள் பயம் நியாயமானதுதான். இந்த வேலையில் மிரட்டல் உண்டு, தொடக்கச் சம்பளமும் குறைவு. ஆனாலும் தடுக்காதீர்கள். இளங்கலையில் வரலாறு, சட்டம், பொருளியல் எது படித்தாலும் நல்லதுதான். இதழியலைப் பிறகு முதுநிலை டிப்ளமோவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் கருத்துச் சொல்ல ஆள் ஏராளம், ஆவணம் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கல்லூரியிலேயே முதல் தகவல் அறிக்கை படிக்கப் பழகட்டும். சம்பவம் நடந்த நேரமும் காவல் நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும் அதில் இருக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்க்கப்பட்டதா, விசாரிப்பவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவரா, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். போலீஸ் சொல்லும் "இரு தரப்பினர் மோதல்" என்பதை அப்படியே எழுதினால், எரிந்தது யார் வீடு, கொளுத்தியது யார் என்பது மறைந்துபோகும். புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அடுத்த சறுக்கல் எண்களில். பட்டியல் சாதி, பழங்குடியினர் தவிர மற்ற சாதிகளின் நாடு தழுவிய எண்ணிக்கை 1931 கணக்கெடுப்புக்குப் பின் வெளியானதில்லை. ஆகவே தேர்தல் நேரத்தில் "இத்தொகுதியில் இந்தச் சாதி இத்தனை சதவீதம்" என்று யார் சொன்னாலும் அது மதிப்பீடுதான். சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் படிவம் 20 வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும், வாக்களித்தவரின் சாதியைக் காட்டாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எந்தத் தேதியிட்ட எந்தக் கோப்பின் நகல் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. பெயரை விட்டுவிட்டு தெருவையும் அப்பாவின் வேலையையும் எழுதினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும்.

பதற்றமான ஊருக்குத் தனியாகப் போகக் கூடாது. வீட்டு முகவரியும் குடும்பப் படங்களும் இணையத்தில் இருக்கக் கூடாது. இதில் நீங்களும் கவனமாக இருங்கள். வேலையில் சேருமுன், எழுதியதற்காக வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது என்று மகள் கேட்கட்டும். அதை எழுத்தில் தராத நிறுவனத்தில் இந்த வேலைக்குச் சேர வேண்டாம்.